விற்றுமுதல் ஏறியது, பணம் எங்கே போனது? ஒரு பனியன் கம்பெனியை அளக்கும் எண்கள்

திருப்பூரில் 120 மிஷின் ஓடும் ஒரு ஏற்றுமதி கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் கம்பெனிதான், எண்களும் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஆனாலும் பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் வரவு செலவு அந்நியமாகத் தெரியாது. 4 லைன் (தையல் வரிசை), லைனுக்கு 30 டெய்லர். போன வருடம் விற்றுமுதல் 18 கோடி ரூபாய், இந்த வருடம் 24 கோடி. ஆடிட்டர் 2.1 கோடி லாபம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இருந்தும் சனிக்கிழமை மதியம் ஆகிவிட்டால், வாரச் சம்பளம் போட ஓடி லிமிட்டில் (வங்கி தரும் ஓவர்டிராஃப்ட் வரம்பில்) எவ்வளவு மீதி இருக்கிறது என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

விற்றுமுதல் பொய் சொல்லவில்லை. லாபமும் பொய்யில்லை. இரண்டும் வேறு கேள்விகளுக்கான பதில்கள். பணம் எங்கே என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வேறு எண் வேண்டும். அந்த எண் இந்தக் கம்பெனியின் எந்தப் பலகையிலும் இல்லை.

தொழிலை அளக்கும் எண்களைப் பாடப்புத்தகத்தில் நிதி சார்ந்தவை, நிதி சாராதவை என்று பிரிப்பார்கள். பிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் கம்பெனி நடத்துகிறவருக்கு அதைவிட உதவும் பிரிவு ஒன்று உண்டு. எண் கைக்கு வரும்போது அதை வைத்து ஏதாவது செய்ய நேரம் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் அது. ஆண்டு லாபம் மார்ச் முடிந்து மாதக்கணக்கில் கழித்து வரும். ஆர்டர் வாரியான லாபம் சரக்கு கப்பலேறிய பிறகு வரும். கூலி கொடுத்த நேரத்தில் எவ்வளவு வேலை கிடைத்தது என்று சொல்லும் லைன் எஃபிஷியன்சி அன்று மாலையே வரும். ஒவ்வொரு மணியும் தைத்த பீஸை எழுதும் மணிக்கணக்குப் பலகை 60 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். மேலே போகப் போக எண் பெரிதாகும், செய்ய முடிவது குறையும். தாமதமாக வரும் எண் முடிவைச் சொல்லும், முன்கூட்டி வரும் எண் அந்த முடிவை மாற்ற இடம் கொடுக்கும். இரண்டும் வேண்டும். பெரும்பாலான கம்பெனிகளில் முதல் வகை மட்டும் நிறைய இருக்கிறது, ஏனென்றால் அதை ஆடிட்டரும் வங்கியும் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டாவது வகையை யாரும் கேட்பதில்லை. நாமேதான் எழுத ஆரம்பிக்க வேண்டும்.

பணம் அடைபட்ட இடம்

முதலில் அந்த 2.1 கோடியைத் தேடிவிடலாம்.

மில்லிலிருந்து நூல் வாங்கியது முதல் நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணியைச் சுருக்கி நிலைப்படுத்துவது), கட்டிங், தையல், பேக்கிங் முடிந்து சரக்கு வெளியேறும் வரை 60 நாள் ஆகிறது. பையர் பணம் தர 75 நாள். நூலுக்கும் ஜாப் ஒர்க்குக்கும் (வெளியே கொடுத்துச் செய்யும் வேலைக்கும்) நாம் வாங்கும் கடன் சராசரி 30 நாள். 60 கூட்டல் 75 கழித்தல் 30, ஆக 105 நாள். நம் கையிலிருந்து போன ரூபாய் திரும்பி வர எடுக்கும் காலம் இது. பணச் சுழற்சி நாள் என்று சொல்லலாம்.

இந்த வருடம் கம்பெனியின் செலவு 21.9 கோடி, நாளைக்கு 6 லட்சம். 105 நாளுக்கு 6 லட்சம் வீதம் 6.3 கோடி ரூபாய் எப்போதும் நூலாக, துணியாக, தைத்த சரக்காக, பையர் பாக்கியாக வெளியே நிற்கிறது. போன வருடம் செலவு நாளைக்கு 4.5 லட்சம், சுழற்சி 90 நாள். அப்போது நின்றது 4.05 கோடி. வித்தியாசம் 2.25 கோடி. சம்பாதித்த 2.1 கோடியையும் விழுங்கிவிட்டு இன்னும் 15 லட்சம் கேட்கிறது. சனிக்கிழமை நெருக்கடிக்குக் காரணம் இதுதான். விற்பனை கூடியது ஒரு பங்கு, சுழற்சி 15 நாள் நீண்டது இன்னொரு பங்கு. வளர்கிற கம்பெனிதான் முதலில் பணத்துக்குத் திண்டாடும் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவருக்குப் புரியாது.

இதே கணக்கு வழியையும் காட்டும். சுழற்சியில் 10 நாள் குறைத்தால் 60 லட்சம் கைக்கு வரும். வட்டி 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 6 லட்சம் மிச்சம். எந்த நாளைக் குறைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். எல்லாருக்கும் சட்டென்று தோன்றுவது, நாம் தர வேண்டிய பணத்தை இழுத்தடிப்பது. 30 நாளை 60 ஆக்கினால் தாளில் சுழற்சி அழகாகக் குறையும். ஆனால் நிட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி எல்லாம் பெரும்பாலும் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்கள். 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் 43பி(எச்) பிரிவாகக் கொண்டுவந்த விதி இங்கே குறுக்கே வரும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். அந்தக் கெடு தாண்டி, மார்ச் 31க்குப் பிறகும் பாக்கி நின்றால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுக்கும் வருடத்தில்தான் கழியும். அதாவது இல்லாத லாபத்துக்கு வரி. அதோடு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்த வட்டியையும் செலவாகக் கழிக்க முடியாது. வழக்கு இதுவரை வரவில்லை என்றாலும், பணம் தாமதமாகத் தரும் கம்பெனிக்கு சீசனில் நிட்டிங்காரர் மிஷின் ஒதுக்க மாட்டார். அப்போது 60 நாள் 68 ஆகும். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் உப்பும். குறைக்க வேண்டியது அந்த 60தான். அதற்குத் தையல் கூடத்துக்குள் போக வேண்டும்.

நிமிடத்தில் அளக்கும் இடம்

ஒரு டி-ஷர்ட் தைக்க எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்பதற்கு எஸ்ஏஎம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். தேர்ந்த கை, சாதாரண வேகம், இடையிடையே கழியும் நேரத்துக்கு ஒதுக்கீடு எல்லாம் சேர்த்து ஒரு பீஸுக்கு இத்தனை நிமிடம். நம் டி-ஷர்ட்டுக்கு 8 நிமிடம் என்று வைப்போம். லைன் எஃபிஷியன்சி என்பது உற்பத்தியான பீஸ்களை எஸ்ஏஎம்மால் பெருக்கி, வந்த டெய்லர்களின் மொத்த நிமிடத்தால் வகுப்பது. 30 பேர், 480 நிமிடம், ஆக 14,400 நிமிடம் வாங்கினோம். 900 பீஸ் வந்தது, 8ஆல் பெருக்க 7,200 நிமிட வேலை கிடைத்தது. எஃபிஷியன்சி 50 சதவீதம்.

இப்போது சரக்கு அவசரம் என்று ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறோம். 12 மணி நேரம், 1,200 பீஸ். புரொடக்‌ஷன் ரிப்போர்ட்டில் 900 இருந்த இடத்தில் 1,200 வந்தால் ஓனர் முகம் மலரும். ஆனால் வாங்கிய நிமிடம் 21,600, கிடைத்தது 9,600. எஃபிஷியன்சி 44 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. காசில் பார்த்தால் இன்னும் உறைக்கும். டெய்லருக்கு நாள் கூலி 600, லைனுக்கு 18,000. ஹெல்பர், செக்கிங், வாடகை, மின்சாரம் எல்லாம் 12,000. மொத்தம் 30,000, 900 பீஸுக்கு வகுத்தால் தையல் செலவு 33 ரூபாய் சில்லறை. ஒன்றரை ஷிப்டில் கூடுதல் 4 மணி நேரத்துக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி, எனவே டெய்லர் கூலி 36,000. மற்றச் செலவு 15,000. மொத்தம் 51,000, 1,200ஆல் வகுத்தால் பீஸுக்கு 42 ரூபாய் 50 காசு. உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு கூடியது, ஒவ்வொரு பீஸிலும் 9 ரூபாய் போனது. மொத்த எண்ணிக்கைக்கும் விகிதத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். எண்ணிக்கை பெருமைக்கு உதவும், லாரி புக் செய்யவும் உதவும். எவ்வளவு கொடுத்து எவ்வளவு வாங்கினோம் என்பதை விகிதம்தான் சொல்லும்.

மாறாக, 8 மணி நேரத்திலேயே எஃபிஷியன்சியை 50லிருந்து 60க்குக் கொண்டுபோனால் அதே 30,000 ரூபாயில் 1,080 பீஸ் வரும். தையல் செலவு 27 ரூபாய் 80 காசு. 10,000 பீஸ் ஆர்டரில் இது 55,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

விகிதத்திலும் திருட்டு உண்டு. அது நடப்பது பெரும்பாலும் கீழே வகுக்கும் எண்ணில். டெய்லர் பற்றாக்குறை என்று மிஷினில் உட்கார வைத்த ஹெல்பரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவார்கள். கரண்ட் போனது, நூல் வரவில்லை, டிசைன் மாற்றம் என்று சொல்லி நிமிடங்களைக் கழிப்பார்கள். கழித்துக் கழித்து 14,400 நிமிடம் 11,000 ஆகும். எஃபிஷியன்சி 65 ஆகும். கம்பெனி கொடுத்த கூலி மட்டும் அப்படியே இருக்கும். மேலே உள்ள எண்ணிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 900 என்று எண்ணியது கடைசி மிஷினிலிருந்து வந்த பீஸா, செக்கிங்கில் தேறிய பீஸா? முதலாவது என்றால் ஆல்டருக்கு, அதாவது குறையைத் திருத்தித் தைக்க, திரும்பி வந்த பீஸை இரண்டு முறை எண்ணியிருக்க வாய்ப்பு உண்டு. அதனால் எந்த அளவீட்டைத் தொடங்கினாலும், என்ன எண்ணுகிறோம், எந்த இடத்தில் நின்று எண்ணுகிறோம், எதால் வகுக்கிறோம், எதைக் கழிக்க அனுமதி இல்லை என்று நான்கு வரி எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். இது இல்லாமல் இரண்டு லைன்களை ஒப்பிடுவது வீண்.

லைன் முனையில் தொங்கும் மணிக்கணக்குப் பலகையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். சாக்பீஸில் எட்டுக் கட்டம். இலக்கு 60 சதவீதம் என்றால் மணிக்கு 135 பீஸ். ஒன்பது முதல் பத்து 128, பத்து முதல் பதினொன்று 131, பதினொன்று முதல் பன்னிரண்டு 74, அடுத்த மணி 133. மாலையில் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் 60 பீஸ் குறைந்தது கண்ணிலேயே படாது. அந்த 74க்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்து, ‘கழுத்து ரிப் ஷேடு மாறி வந்தது, 25 நிமிடம் நின்றது’ என்று யாராவது எழுதியிருந்தால், அந்தப் பலகை வேலை செய்கிறது. காரணக் கட்டம் வெறுமையாக இருந்தால் அது சுவர் அலங்காரம். நாள் முழுக்க ஒரே சீராக 135, 135, 135 என்று இருந்தால் இன்னும் மோசம்: சாயங்காலம் மொத்தத்தை எட்டால் வகுத்து எழுதியிருக்கிறார்கள்.

கிலோவில் வாங்கி பீஸில் விற்பது

தையல் செலவு பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பனியனில் பெரிய செலவு துணி. அதை அளப்பதில் ஒரு வேடிக்கையான ஓட்டை இருக்கிறது, எத்தனையோ கம்பெனிகளில் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

பையரோடு பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசர் ஒரு டி-ஷர்ட்டுக்கு 200 கிராம் என்று கன்சம்ப்ஷன் (துணித் தேவை) போட்டு விலை சொல்லியிருக்கிறார். துணி 160 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம் இருக்க வேண்டும். காம்பாக்டிங் முடிந்து வந்த துணி 167 இருக்கிறது. பையர் அனுமதிக்கும் வித்தியாசம் கூட்டியோ குறைத்தோ 5 சதவீதம் என்றால், 167 அதற்குள் அடங்கும். குவாலிட்டி ஆள் ஓகே போட்டுவிடுகிறார். அவர் அளவுகோலின்படி அது சரிதான். ஆனால் அதே சட்டைக்கு இப்போது 208 கிராமுக்கு மேல் துணி போகிறது. பீஸுக்கு 8 கிராம், 10,000 பீஸுக்கு 80 கிலோ, கிலோ 450 ரூபாய் என்றால் 36,000 ரூபாய். வாங்குவது கிலோவில், விற்பது பீஸில், இடையில் இருக்கும் ஜிஎஸ்எம்மைத் தரக் கட்டுப்பாட்டுக்கான எண்ணாக மட்டும் பார்த்ததால் பணம் கசிந்தது. துணி வந்திறங்கிய அன்றே ரோல் வாரியாக ஜிஎஸ்எம்மையும் டயாவையும் (துணியின் அகலம்) எழுதி, எதிர்பார்த்த கன்சம்ப்ஷனைத் திரும்பக் கணக்கிட்டால், கத்தி வைக்கும் முன்பே தெரிந்துவிடும். ஆர்டர் முடிந்தபின் துணி கணக்குப் பார்த்தால் அந்த 80 கிலோ ‘வேஸ்ட்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடும், கட்டிங் மாஸ்டர் பேச்சு வாங்குவார்.

துணியிலிருந்து கப்பல் வரை தொடரும் அளவு, வெட்டியதில் எத்தனை சதவீதம் ஏறியது என்பது. ஆர்டர் 10,000. சேதாரத்துக்கென்று 4 சதவீதம் கூட்டி 10,400 வெட்டுகிறோம். ஏறியது 9,950. பையர் கணக்கில் 99.5 சதவீதம், எல்லாருக்கும் மகிழ்ச்சி. நம் கணக்கில் 95.7 சதவீதம். 450 பீஸ் எங்கேயோ போயிருக்கிறது: பேனல் ரிஜெக்ட் (வெட்டிய துண்டிலேயே கழிந்தது), பிரிண்டிங் சேதம், ஆயில் கறை, எண்ணிக்கைக் குறைவு. அதில் நல்லவை, மிச்சச் சரக்கு விற்கும் திருப்பூர் சந்தையான காதர்பேட்டைக்கு வந்த விலைக்குப் போகும். 200 ரூபாய்க்கு மேல் அடக்கமான சட்டை அங்கே என்ன விலைக்குப் போகும் என்று தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த 95.7ஐ எந்தக் கட்டத்தில் எத்தனை பீஸ் விழுந்தது என்று உடைத்துப் பார்த்தால்தான் அடுத்த ஆர்டருக்கு 4 சதவீதமா 2 சதவீதமா கூட்டி வெட்டுவது என்று தீர்மானிக்க முடியும்.

குறை குறைந்தால் சந்தேகப்படுங்கள்

தரத்துக்கு டிஎச்யு என்று ஓர் எண் உண்டு. 100 பீஸுக்கு எத்தனை குறை என்று அது சொல்லும். 200 பீஸ் பார்த்தோம், 16 பீஸில் குறை, குறைகளை எண்ணினால் 22. டிஎச்யு 11. குறையுள்ள பீஸ் 8 சதவீதம். இரண்டும் ஒன்றல்ல, ஒன்றை மற்றதாக எழுதி வைப்பது சாதாரணமாக நடக்கும் தவறு. ஆல்டருக்கு எத்தனை பீஸ் போகும் என்று அறிய 8 வேண்டும். எந்த ஆப்பரேஷனில் கோளாறு என்று அறிய 22ஐ வகை பிரிக்க வேண்டும். அதில் 13 கீழ் மடிப்பில் தையல் விடுபட்டது என்றால் மடிப்பு தைக்கும் ஒரே ஒரு பேட்லாக் மிஷினைச் சரிசெய்தால் போதும்.

கடைசி இன்ஸ்பெக்‌ஷன் இன்னொரு வகை. ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி, 10,000 பீஸ் லாட்டுக்குப் பொதுச் சோதனை நிலை இரண்டில் 200 பீஸ் எடுப்பார்கள். ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 என்றால் பெரிய குறையுள்ள பீஸ் 10 வரை பாஸ், 11 ஆனால் ஃபெயில். இது தீர்ப்பு. டிஎச்யு என்பது தீர்ப்புக்கு முன்னால் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டிஎச்யு 11லிருந்து 4க்கு இறங்கிவிட்டது, கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் மட்டும் ஃபெயில் குறையவில்லை என்றால், தரம் உயரவில்லை. எழுதுவது நின்றிருக்கிறது. செக்கிங் பெண்கள் லைன் சூப்பர்வைசரின் கீழ் வேலை பார்த்தால் இது கட்டாயம் நடக்கும். ‘இத எழுதாதீங்கக்கா, நான் சரி பண்ணித் தர்றேன்’ என்று டெய்லர் சொல்வார், அக்காவும் விட்டுவிடுவார். மனிதர்கள் அப்படித்தான். அதனால் எண்ணை எழுதுகிறவரின் சம்பளமோ திட்டோ அந்த எண்ணைப் பொறுத்து இருக்கக் கூடாது.

லைனுக்குள் தேங்கி நிற்கும் பீஸ்களும் தரத்தோடு சேர்ந்தவைதான், யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த ஓர் எளிய விதி இருக்கிறது: உள்ளே நிற்பதை, நாளொன்றுக்கு வெளியேறுவதால் வகுத்தால், ஒரு பீஸ் உள்ளே நுழைந்து வெளியேற ஆகும் சராசரி நாள் கிடைக்கும். லைனில் 5,400 பீஸ் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, நாளைக்கு 900 வெளியேறுகிறது, ஆக 6 நாள். இன்று முதல் மிஷினில் தோள் தையல் கோணலாகப் போனால் கடைசி செக்கிங்குக்கு அது 6 நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் ஆயிரக்கணக்கான பீஸ் அதே கோணலோடு பின்னால் வந்துகொண்டிருக்கும். தேக்கத்தை 1,800க்குக் குறைத்தால் 2 நாளில் தெரிந்துவிடும், முதலில் பார்த்த 60 நாளிலும் 4 நாள் குறையும். பணமும் தரமும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

தேதி யாருடைய தேதி?

குறித்த நாளில் அனுப்பினோமா என்பது எல்லாக் கம்பெனியும் பெருமையாகச் சொல்லும் எண், எளிதில் ஏமாற்றவும் கூடிய எண். 10 ஆர்டரில் 9 சரியான தேதியில் போனது, 90 சதவீதம். தாமதமான அந்த ஒன்று 40,000 பீஸ், மற்ற ஒன்பதும் சேர்த்து 60,000 என்றால், பீஸ் கணக்கில் 60 சதவீதம்தான். அதைவிடப் பெரிய ஓட்டை தேதி. பையரிடம் கெஞ்சி மாற்றி வாங்கிய தேதியை வைத்து அளந்தால் யாருமே தாமதம் இல்லை. முதல் பிஓவில் (பையர் தந்த ஆர்டர் தாளில்) இருந்த தேதியை வைத்து அளந்து, மாற்றிய தேதியைத் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். பக்கத்திலேயே விமானச் சரக்குச் செலவு, தாமதத்துக்குக் கொடுத்த டிஸ்கவுண்ட் இரண்டையும் எழுதுங்கள். 98 சதவீதம் நேரத்தில் அனுப்பினோம் என்று சொல்லும் கம்பெனி அதற்காக எத்தனை பெட்டியை விமானத்தில் ஏற்றியது என்பது அப்போது தெரியும்.

இதற்கு முன்னறிவிப்பு எண் ஒன்று உண்டு, மிக எளிது: தையல் தொடங்க 7 நாள் முன்பே துணி, லேபிள், பாலிபேக் முழுதும் வந்து சேர்ந்த ஆர்டர் எத்தனை சதவீதம்? இது விழுந்தால், ஒரு மாதம் கழித்து ஷிப்மெண்ட் எண் விழும்.

ஆள் வருகைக்கும் இதே கதைதான். 6 சதவீதம் பேர் வரவில்லை என்பது தகவலே இல்லை. லைனில் நான்கு பேட்லாக் டெய்லர்களில் இரண்டு பேர் வரவில்லை என்பதுதான் தகவல். சராசரி அதை மறைத்துவிடும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்கள் திங்கட்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள், தீபாவளிக்கு ஊருக்குப் போன வடமாநிலத் தொழிலாளர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று தனித்தனியே பார்த்தால் அடுத்த மாதத் திட்டத்துக்கு உதவும். நவம்பரை அக்டோபரோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். போன வருட நவம்பரோடு ஒப்பிடுங்கள்.

லாபத்தையும் பிரித்துப் பார்ப்பது

மேலே உள்ள 2.1 கோடிக்குத் திரும்புவோம். ஏற்றுமதியில் லாபம் மூன்று இடத்திலிருந்து வரலாம்: தொழிலிலிருந்து, டிராபேக் (ஏற்றுமதிக்குத் திருப்பித் தரும் வரி) போன்ற அரசு ஊக்கத்தொகைகளிலிருந்து, டாலர் ஏறியதிலிருந்து. மூன்றையும் ஒரே வரியில் காட்டும் கணக்கு ஓனரை ஏமாற்றும். ஊக்கத்தொகை விகிதம் டெல்லியில் தீர்மானமாகிறது, டாலர் எங்கேயோ தீர்மானமாகிறது. இவை இரண்டையும் கழித்தபின் மிச்சம் இருப்பதுதான் கம்பெனியின் திறமைக்குக் கிடைத்த மதிப்பெண். அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் புதிதாக 40 மிஷின் போடும் யோசனையைத் தள்ளி வைப்பது நல்லது.

போட்ட முதலுக்கு என்ன கிடைத்தது என்பதை உடைத்துப் பார்க்க 1910களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் டொனால்ட்சன் பிரவுன் ஒரு வழி கொடுத்தார். விற்பனையில் லாப விகிதத்தை, முதல் எத்தனை முறை சுழன்றது என்பதால் பெருக்குவது. நம் கம்பெனியில் லாபம் 8.75 சதவீதம். முதலீடு 12 கோடி என்றால் 24 கோடி விற்பனைக்கு 2 சுழற்சி. வருமானம் 17.5 சதவீதம். 3 சதவீதம் லாபத்தில் விற்று, வருடத்துக்கு 8 முறை பணத்தைச் சுழற்றும் உள்ளூர் வியாபாரிக்கு 24 சதவீதம். லாப விகிதம் அதிகம் என்பதால் நாம் பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நிதி எண்களை மட்டும் பார்ப்பது போதாது என்று ராபர்ட் கப்லான், டேவிட் நார்ட்டன் இருவரும் 1992இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார்கள். நிதி, வாடிக்கையாளர், உள் செயல்பாடு, கற்றலும் வளர்ச்சியும் என்று நான்கு கோணம். பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு என்ற பெயரில் உலகம் சுற்றியது. யோசனை சரி. ஆனால் 120 மிஷின் கம்பெனியில் கன்சல்டன்ட் வந்து நான்கு கோணத்துக்கும் ஏழேழு எண் போட்டு 28 கட்டம் வரைந்து கொடுத்தால், மூன்றாவது மாதம் அதை நிரப்ப ஒரு ஆள் தேவைப்படும், படிக்க ஆள் இருக்காது.

யார் கணக்கிலும் வராத எண்களும் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, பல கம்பெனிகளின் லாப நட்டக் கணக்கு நன்றாகவே இருந்தது. நொய்யல் ஆற்றில் கலந்த உப்பு எந்த லெட்ஜரிலும் இல்லை. அதன்பிறகுதான் கழிவுநீர் துளியும் வெளியேறாத சுத்திகரிப்பு என்பது சாய விலையின் பகுதியானது. ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்பது இன்று பையர் கேட்கும் கேள்வி.

இலக்காக்கினால் என்ன ஆகும்

பணக் கொள்கை பற்றி 1975இல் எழுதும்போது சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் ஒன்றைக் கவனித்தார். ஓர் எண்ணைக் கட்டுப்பாட்டுக்காகப் பிடித்து அழுத்தினால், அதுவரை அது காட்டிக்கொண்டிருந்த ஒழுங்கு குலைந்துவிடும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி இதற்கு முழு உதாரணம். ஒரு வாடிக்கையாளருக்கு எத்தனை கணக்கு, கார்டு விற்றோம் என்பதை இலக்காக்கி ஊழியர்களை நெருக்கினார்கள். 2016இல் வெளிவந்தபோது, வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே ஏறக்குறைய 20 லட்சம் கணக்குகள் தொடங்கியிருக்கலாம் என்று தெரிந்தது. முதல் அபராதம் 18.5 கோடி டாலர், சுமார் 5,300 பேர் வேலை இழந்தார்கள். 2020இல் 300 கோடி டாலர் கட்டி வழக்கு முடிந்தது.

பனியன் கம்பெனியில் இதன் சிறு வடிவம் தினமும் நடக்கிறது. எஃபிஷியன்சிக்குப் போனஸ் அறிவித்தால் எளிதான ஆப்பரேஷனை முதலில் தைத்துக் குவிப்பார்கள், தேக்கம் ஏறும். துணி மிச்சத்துக்குப் பரிசு என்றால் மார்க்கரை (துணியில் வெட்ட வரையும் அமைப்பை) நெருக்கி வெட்டுவார்கள், சைஸ் குறையும். பையர் பாக்கி நாளைக் குறைத்தால் பாராட்டு என்றால் மார்க்கெட்டிங் ஆள் 2 சதவீதம் டிஸ்கவுண்ட் கொடுத்துப் பணத்தை முன்னதாக வாங்கிவிடுவார். இதற்கு மருந்து, எந்த எண்ணையும் தனியே தொங்கவிடாமல், அதை ஏமாற்றினால் எது கெடுமோ அந்த எண்ணையும் கூடவே கட்டுவது. எஃபிஷியன்சியோடு தேக்கமும் டிஎச்யுவும். துணி மிச்சத்தோடு அளவுக் குறை. பாக்கி நாளோடு டிஸ்கவுண்ட்.

இந்தக் கம்பெனிக்கு ஒரு தொடக்கம் சொல்ல வேண்டுமென்றால்: லைன் சூப்பர்வைசருக்கு மணிக்கணக்குப் பீஸ், டிஎச்யு, லைன் தேக்கம். கட்டிங் மாஸ்டருக்கு ரோல் ஜிஎஸ்எம், உண்மைக் கன்சம்ப்ஷன். மெர்ச்சண்டைசருக்குப் பொருள் முன்கூட்டி வந்த சதவீதம், முதல் தேதிப்படி அனுப்பிய சதவீதம். கணக்குப்பிள்ளைக்கு வாரத்தில் ஒருமுறை பணச் சுழற்சி நாள். ஓனருக்கு இவற்றிலிருந்து ஒரு பக்கம், அதோடு ஊக்கத்தொகையும் டாலரும் கழித்த ஆர்டர் வாரி லாபம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், எந்த அளவைத் தாண்டினால் யார் என்ன செய்வார் என்று ஒரு வரி. டிஎச்யு 10ஐத் தாண்டினால் சூப்பர்வைசர் அந்த மிஷினை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுவார், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்பது போல. அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை என்றால் அந்த எண்ணை எடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ரிப்போர்ட்டுகளில் எது தேவை என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சட்டத்துக்கும் வங்கிக்கும் பையருக்கும் தருபவற்றைத் தவிர்த்து, மற்றவற்றில் ஒன்றை யாரிடமும் சொல்லாமல் மூன்று வாரம் நிறுத்திப் பாருங்கள். யாராவது ‘அந்த ஷீட் வரலியே’ என்று கேட்டால் மறுநாளே திரும்ப அனுப்பலாம். கேட்காவிட்டால் அதைத் தயாரித்துக்கொண்டிருந்தவரைத் துணி வந்திறங்கும் இடத்தில் ஜிஎஸ்எம் எழுத உட்கார வைத்துவிடலாம்.